முதல் சாவி யாருக்கு?

சங்கரன்கோவிலில் ரகசியம் என்று ஒன்று நிலைத்து நிற்பது கஷ்டம். ஊரின் ஒரு கோடியில் விசைத்தறி நின்றுபோனால், நின்ற காரணம் மறு கோடிக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகாது. பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறிய செய்தி மாலைக்குள் எல்லா வீதிகளையும் சுற்றி வந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் என் மைத்துனர் பதினெட்டு நாட்கள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினார் என்றால், அது சாமான்யமான காரியம் அல்ல. அவர் ஒரு மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டியிருந்தார்.

இரவு பத்து மணிக்கு மேல், வீட்டார் தூங்கிய பிறகு, கைப்பேசியிலேயே பணத்தைச் செலுத்திவிட்டார். பத்தொன்பதாம் நாள் காலையில் கம்பெனியார் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி அவருடைய மனைவியின் கண்ணில் பட்டது. அன்று மாலையே அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்களே கேளுங்கள். வண்டி எப்போது வரும் என்றால் தெரியாது என்கிறார். ரிப்பேர் ஆனால் எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அதுவும் தெரியாது. நேரில் பார்த்தீர்களா என்றால் படத்தில் பார்த்தேன் என்கிறார். படத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பதற்கு இது என்ன சினிமாக் கொட்டகையா?"

மைத்துனரோ தலை குனிந்தபடி, "அத்தான், நம் ஊர் ரத வீதியில் முதல் மின்சாரக் கார் நம்முடையதாக இருக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

எந்தக் கம்பெனி என்று நேயர்கள் கேட்க வேண்டாம். முன்பணம் கட்டிக் காத்திருந்த யாரிடம் கேட்டாலும் இந்தக் கதையில் பாதியாவது கிடைக்கும். ஆனால் அந்த அம்மாளின் கேள்விகள் என்னை விடவில்லை. பணம் கொடுக்கிறவன் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறான். பண்டம் கொடுக்கிறவன் மட்டும் நாளை ஏன் மறைத்து வைக்கிறான்? முதல் வண்டியின் சாவி உண்மையில் யார் கைக்குப் போகிறது? பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு கேள்வி அகப்பட்டால் போதும். புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

முதலில் அக்கம்பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். எங்கள் ஊரிலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி. அங்கே சிலாநத்தம் தொழிற்பேட்டையில் வியட்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் கம்பெனி நானூறு ஏக்கரில் மின்சாரக் கார்த் தொழிற்சாலை அமைத்திருக்கிறது. 2024-ம் வருஷம் ஜனவரியில் ஒப்பந்தம். பிப்ரவரி 25-ம் தேதி அடிக்கல். 2025-ம் வருஷம் ஆகஸ்டு 4-ம் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்துவைத்தார். பதினெட்டு மாதத்துக்குள் பொட்டல் காட்டில் ஒரு தொழிற்சாலை எழுந்தது ஆச்சரியந்தான். முதலில் வருஷத்துக்கு ஐம்பதினாயிரம் கார்கள், பிறகு ஒன்றரை லட்சம் வரை என்று திட்டம்.

இந்தக் கம்பெனியின் கார்களைப் பற்றிய செய்தி எப்படிப் படிப்படியாக வெளிவந்தது என்று பாருங்கள். 2025 ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் வி.எஃப். 6, வி.எஃப். 7 என்ற இரண்டு கார்களையும் ஜனங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். விலை என்ன? சொல்லவில்லை. ஜூலை 15-ம் தேதி இருபத்தோராயிரம் ரூபாய் முன்பணம் வாங்கத் தொடங்கினார்கள்; வேண்டாமென்றால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். விலை என்ன? அப்போதும் சொல்லவில்லை. ஆகஸ்டில் தொழிற்சாலை திறந்தது. எங்கள் ஊரில் அது ஆடித் திருவிழாக் காலம். அப்போதும் விலை வெளிவரவில்லை. செப்டம்பர் 6-ம் தேதிதான் திரை விலகிற்று: சிறிய வண்டி பதினாறு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம் முதல், பெரியது இருபது லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் முதல்.

ஆடித்தபசன்று எங்கள் ஊர் வீதியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காத்திருத்தல் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோமதியம்மன் தவமிருந்து கண்ட சங்கரநாராயணக் காட்சிக்காக வெயிலிலும் நெரிசலிலும் நிற்கிறார்கள். காட்சி இன்ன நாளில், இன்ன வீதியில் என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகையால் கால் கடுத்தாலும் மனம் கடுப்பதில்லை. நாள் தெரியாத காத்திருப்பு வேறு ஜாதி.

கார்க் கம்பெனிக்காரர்களுக்கும் நியாயம் பேச வேண்டும். மறைத்து வைப்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. புதிய வண்டியின் உருவம் முன்கூட்டியே வெளிப்பட்டால் போட்டிக்காரன் பார்த்துக்கொள்வான். விலை வெளிப்பட்டால் அவன் தன் விலையைக் குறைப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல புது வண்டி வரப்போகிறது என்று தெரிந்தால் பழைய வண்டியை வாங்க ஆள் இராது. அமெரிக்காவில் ஆஸ்பர்ன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி புதிய யந்திரத்தைப் பற்றி அவசரப்பட்டுச் சொல்லிவிட்டுப் பழைய சரக்கு விற்காமல் 1983-ல் திவாலாகிப் போனது என்று வியாபாரிகள் இன்றைக்கும் கதை சொல்வார்கள்.

சோதனைக்கு ஓடும் கார்களுக்குப் போடும் வேஷத்தை நேயர்கள் சிலர் செங்கல்பட்டு, ஒரகடம் சாலைகளில் பார்த்திருக்கலாம். உடல் முழுதும் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழித்துச் சுழித்துக் கோடு போட்ட தாளை ஒட்டியிருப்பார்கள். பார்த்தால் கண் கூசும். எங்கே வளைவு, எங்கே மடிப்பு என்று புரியாது. இது மோட்டார்க்காரர்களின் சொந்த யோசனை அல்ல. முதல் உலக யுத்தத்தில், 1917-ம் வருஷம், நார்மன் வில்கின்சன் என்ற ஆங்கில ஓவியர் கப்பல்களுக்கு இப்படிக் கோடு போடச் சொன்னார். கப்பலை மறைப்பது அவர் நோக்கம் அல்ல. கடலில் கப்பலை எப்படி மறைப்பது? அது எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக்காரனுக்குப் புரியாதபடி செய்வதே நோக்கம். இன்றைய விளம்பரங்கள் சிலவற்றையும் அந்த ஓவியரே தீட்டியிருப்பாரோ என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வருவதுண்டு.

நம் நாட்டில் முதல் சாவிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1983-ம் வருஷம் டிசம்பர் 14-ம் தேதி மாருதி 800 காரின் முதல் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டில்லியில் ஹர்பால் சிங் என்பவர் கையில் கொடுத்தார். ஹர்பால் சிங் மந்திரி அல்ல, மில் முதலாளி அல்ல. இந்தியன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்தவர். குலுக்கல் சீட்டில் அவர் பெயர் வந்தது, அவ்வளவுதான். 2010-ல் காலமாகும் வரையில் அந்தக் காரை அவர் விற்கவில்லை. அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்கும் காருக்கும் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் அநேகம். ஆனால் அது சரக்குப் பஞ்சத்தால் வந்த காத்திருப்பு. குலுக்கல் சீட்டில் இன்னார் பெரியவர், இன்னார் சிறியவர் என்ற பேச்சுக்கு இடமில்லை.

மின்சாரக் காரே நமக்குப் புதிது என்று நினைப்பதும் தவறு. 1993-லேயே கோயம்புத்தூரிலும் கேரளத்துச் சாலக்குடியிலும் தொழில் நடத்திய ஒரு கம்பெனி, 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் காரைச் செய்து டில்லிக் கண்காட்சியில் வைத்தது. அதில் ஒரு ரகசியமும் இல்லை; எல்லோருக்கும் காட்டினார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. 2001-ல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. அதை லண்டன் வீதிகளிலும் ஓட்டினார்கள். ஒளித்து வைக்காத பண்டத்துக்கு நம் ஜனங்களிடம் ஆவல் பிறப்பதில்லையோ என்னவோ!

ஆவலைப் பிறப்பிக்கும் வித்தையில் கை தேர்ந்தவர்கள் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனியார். 2016-ம் வருஷம் மார்ச் 31-ம் தேதி இரவு 'மாடல் 3' என்ற காரை மேடையில் காட்டினார்கள். மேடைத் திரை விலகும் முன்பே, காரின் முகத்தைப் பார்க்காமலே, பல ஊர்களில் கடைவாசலில் வரிசை நின்று ஆளுக்கு ஆயிரம் டாலர் கட்டினார்கள். ஒரு வாரத்தில் 3,25,000 பேர். முப்பத்திரண்டரைக் கோடி டாலர் வட்டியில்லாக் கடன்! எந்த பாங்கியாவது இப்படிக் கொடுக்குமா?

அடுத்த வருஷம் ஜூலை 28-ம் தேதி முதல் முப்பது கார்களின் சாவிகளைக் கொடுத்தார்கள். யாருக்கு? வரிசையில் நின்றவர்களுக்கு அல்ல. பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கு. இதில் தந்திரமும் உண்டு, விவேகமும் உண்டு. முதல் வண்டிகளில் குறை இருந்தே தீரும். திருகாணி தளர்ந்திருக்கும், திரையில் எழுத்து மறையும், கதவு ஒரு மயிரிழை ஒட்டாமல் நிற்கும். சொந்த ஊழியன் ஓட்டினால் அந்தக் குறை தொழிற்சாலைக்குள்ளேயே திரும்பி வரும். வாடிக்கைக்காரன் ஓட்டினால் ஊர் முழுதும் போகும். அன்றிரவே தலைவர் ஈலான் மஸ்க், இனி உற்பத்தி என்னும் நரகத்தில் உழலப் போகிறோம் என்று ஊழியர்களிடம் சொன்னார். சொன்னபடியே ஆயிற்று. டிசம்பருக்குள் மாதம் இருபதினாயிரம் வண்டி என்று பேசினார்கள். ஜூலை முதல் செப்டம்பர் முடிய மூன்று மாதத்தில் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தது 220 வண்டி.

அந்த ஆயிரம் டாலர் வரிசையில் இந்தியர்களும் இருந்தார்கள். நம் நாட்டிலிருந்தும் பணம் கட்டலாம் என்று 2016-லேயே மஸ்க் அறிவித்தார். அப்போதைய மதிப்பில் அது சுமார் அறுபத்தாறாயிரம் ரூபாய். கட்டியவர்கள் காத்திருந்தார்கள். இறக்குமதி வரியைக் குறைத்தால் வருவோம் என்று கம்பெனியும், இங்கே தொழிற்சாலை வைத்தால் குறைப்போம் என்று சர்க்காரும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டார்கள். 2021-ம் வருஷம் ஜனவரியில் பெங்களூரில் ஒரு கிளைக் கம்பெனி பதிவாயிற்று. 'இதோ வருகிறது' என்று பத்திரிகைகள் எழுதின. வரவில்லை. கடைசியில் 2025 மே மாதத்தில், முன்பணத்தைத் திருப்பித் தருவதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மாடல் 3 இந்தியாவுக்கு வரவே இல்லை.

நான் கணக்கு வாத்தியார். அந்த அறுபத்தாறாயிரத்தை ஏழு சதவிகிதக் கூட்டு வட்டியில் ஒன்பது வருஷம் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துக்குச் சற்று மேலே வருகிறது. ஆனால் வட்டிகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒன்பது வருஷத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை காலேஜ் முடித்து வெளியே வந்துவிடுகிறான். அவ்வளவு காலமும், 'வரும், வராது' என்று ஒரு வார்த்தை தீர்மானமாகச் சொல்லாமல் வைத்திருப்பது எந்த ஊர் மரியாதை?

அந்தக் கம்பெனி 2025 ஜூலை 15-ம் தேதி பம்பாயில் கடை திறந்தது. தூத்துக்குடிக் காருக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்த அதே நாள்! கொண்டுவந்தது வேறு கார், 'மாடல் ஒய்'. விலை ஐம்பத்தொன்பது லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் முதல். செப்டம்பர் 5-ம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, முதல் சாவி கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் மகாராஷ்டிர மாகாணத்தின் போக்குவரத்து மந்திரி பிரதாப் சர்நாயக். பேரனுக்குப் பரிசாக வாங்கியதாகச் சொன்னார். அவர் தம் பணத்தில் வாங்கினார். அதில் குற்றம் சொல்ல நமக்கு இடமில்லை. ஆயினும் குலுக்கல் சீட்டில் வந்த ஹர்பால் சிங்கின் ஞாபகம் எனக்கு வந்தது.

தூத்துக்குடிக் கம்பெனியின் பழைய அனுபவம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2022-ம் வருஷம் நவம்பர் 25-ம் தேதி வியட்நாமின் ஹைபாங் துறைமுகத்திலிருந்து 999 மின்சாரக் கார்கள் ஒரே கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டன. கொடி, கோலாகலம் எல்லாம் நடந்தது. டிசம்பரில் கலிபோர்னியாவில் கரையிறங்கின. வருஷம் முடிவதற்குள் சாவி கிடைக்கும் என்று பணம் கட்டியவர்கள் எண்ணினார்கள். ஆனால் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்னும் பாடம் முடியவில்லை. கரையிறங்கிய கார்கள் கரையிலேயே நின்றன. 2023 மார்ச் 1-ம் தேதி முதல் நாற்பத்தைந்து பேருக்குச் சாவி கிடைத்தது. அந்த மே மாதத்திலேயே, ஓட்டுகிறவர் முன்னுள்ள திரை திடீரென்று இருண்டுவிடக்கூடும் என்ற குறைக்காக 999 கார்களையும் திருத்தத்துக்கு அழைத்தார்கள். வேகம் காட்டுவதும் அந்தத் திரைதான்!

குறை நேர்வதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பது வருஷம் கார் செய்தவர்களுக்கே நேர்கிறது. 2017-ல் பிறந்த கம்பெனிக்கு நேராதா? நான் கவனித்தது வேறு. அமெரிக்காவில் ஒரு குறை நேர்ந்தால் அதைச் சர்க்கார் அலுவலகத்தில் எழுதி வைத்து, எத்தனை கார், என்ன குறை, என்ன பரிகாரம் என்று யாரும் பார்க்கும்படி பகிரங்கப்படுத்த வேண்டும். அதனால்தான் சங்கரன்கோவிலில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அந்தத் தொகை தெரிகிறது. வியாபார ரகசியம் சாவி கைமாறும் வரைக்குந்தான். கைமாறிய பிறகு அது உயிர் விஷயம்.

நம் மகீந்திரா கம்பெனியார் வேறு வழியில் போனார்கள். செங்கல்பட்டுக்கு அருகில் தங்கள் ஆராய்ச்சிச் சாலையில் வெகுநாள் மூடி வைத்து உழைத்த இரண்டு மின்சாரக் கார்களை 2024 நவம்பர் 26-ம் தேதி சென்னையில் காட்டினார்கள். ஆரம்ப விலையையும் அன்றே சொன்னார்கள். கார் எழுப்பும் ஒலிகளுக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்திருந்தார். ஒரு காரின் பெயரில் இருந்த '6இ' தங்களுடையது என்று இண்டிகோ விமானக் கம்பெனியார் கோர்ட்டுக்குப் போகவே, பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். அடுத்த பிப்ரவரி 14-ம் தேதி பதிவு தொடங்கிய ஒரே நாளில் 30,179 பேர் பெயர் கொடுத்தார்கள். எந்த ரகம் எந்த மாதம் என்று அட்டவணையும் போட்டார்கள். விலை உயர்ந்த ரகத்துக்கே முதலிடம் என்பது வாஸ்தவம். குறைந்த விலைக்காரர் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் எத்தனை மாதம் நிற்க வேண்டும் என்று தெரிந்து நின்றார்.

தூத்துக்குடி என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது கார் அல்ல, கப்பல். 1906-ம் வருஷம் அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாயாக நாற்பதினாயிரம் பங்குகள், பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று ஏற்பாடு. பங்கு வாங்கிய அநேகர் கப்பலைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் புறப்படும்போது, வந்தால் கப்பலோடு வருவேன், இல்லையேல் கடலில் வீழ்வேன் என்று சொல்லிப் போனார். 1907-ம் வருஷம் மே மாதம் 'காலியா'வும் 'லாவோ'வும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. கண்ணால் காணாத பண்டத்துக்குப் பணம் கொடுக்கும் துணிவு நம் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று இருபத்தைந்து ரூபாய் கொடுத்தவர் கப்பலில் பங்காளி. இன்று இருபத்தோராயிரம் கொடுப்பவர் வரிசையில் ஓர் எண்.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அவரை உட்கார வைத்து, கம்பெனியாருக்கு ஒரு கடிதம் எழுத வைத்தேன். வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்து வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது மொத்த விலை என்ன? எந்த மாதம் வண்டி கிடைக்கும்? தாமதமானால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? சங்கரன்கோவிலுக்குச் சமீபத்தில் ரிப்பேர் செய்யும் இடம் எது? பாட்டரிக்கு எத்தனை வருஷம் பொறுப்பு, எந்த நிபந்தனையில்? வாய்ச் சொல் வேண்டாம், எழுத்தில் பதில் வேண்டும் என்று கடைசி வரியில் போடச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் கூச்சம். "இவ்வளவு கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா, அத்தான்?" என்றார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவர் இவ்வளவு பயந்ததில்லை.

கடிதம் போயிற்று. ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டாம் வாரம் கடையிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டு, "அடுத்த வாரம் சொல்கிறோம், சார்" என்றான். மூன்றாம் வாரமும் அதே பையன், அதே பதில். நாலாம் வாரம் பதில் எழுத்தில் வந்தது. ஐந்து கேள்வியில் மூன்றுக்குத் தெளிவாக. இரண்டுக்கு வழவழா கொழகொழாவாக. மாதம் இன்னதென்று குறித்திருந்தார்கள். ரிப்பேருக்குத் திருநெல்வேலி போக வேண்டும்; ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்.

இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தலைவாசல் தூணுக்குப் பக்கத்தில், சுவரில் புதிதாகப் பதித்த ஒரு பெரிய பிளக் பாயிண்ட் என் கண்ணில் பட்டது. பதினைந்து ஆம்பியர், தனி ஒயர், மழைச் சாரல் படாமல் மேலே ஒரு மூடி. மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முகமே சொல்லிற்று.

காப்பி கொண்டுவந்த அந்த அம்மாளிடம், "இது எப்போது வைத்தது, தாயே?" என்று கேட்டேன்.

"இவர் கடைக்குப் போயிருந்தபோது எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வைத்தேன், அண்ணாச்சி. வண்டி வந்து நின்ற பிறகு சுவரை உடைத்துக்கொண்டிருக்க முடியுமா? இன்றோடு இருபது நாள் ஆகிறது. தினமும் இந்தத் தூணில் சாய்ந்துதான் பேப்பர் படிக்கிறார்."